ஏழு பாலங்களும் ஆய்லரும்

நுழையும்முன்

முன்பின் அறியாத ஊரில் கைப்பேசி நமக்கு வழிகாட்டுகிறது. எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்திற்கு எத்தடத்தில் செல்லலாம் என்பதைத் தொடர்வண்டிப் பயணச்சீட்டுப் பதிவு செய்யும்போது கணினி நொடிப்பொழுதில் சொல்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளுள் நாம் விரும்பும் ஒன்றைத் தேடித் தருகிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக அமைந்தவை ‘மரம்’, ‘கோட்டுரு’ எனப்படும் தரவு அமைப்புகள். பொருள்களைக் கணுக்களாகவும் அவற்றுக்கு இடையேயான உறவுகளை இணைப்புகளாகவும் எழுதும் இம்முறைக்கு வித்திட்டது, ஓர் ஊரின் பாலங்களைப் பற்றிய எளிய வினா. அவ்வினாவுக்கு விடை கண்டவர் லியோனார்டு ஆய்லர். பார்வையை இழந்தபின்னும் அறிவுப்பணியை நிறுத்தாத அவரது வாழ்வை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

இளமையும் கல்வியும்

சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஆய்லர் பிறந்தார். தந்தை பால் ஆய்லர் கிறித்தவச் சமயப் போதகர். அவர் இளமையில் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலியிடம் பாடம் கேட்டவர். ஆதலால் மகனுக்கு முதற்கணிதம் கற்பித்த ஆசிரியரும் அவரே ஆனார். ஆயினும், தம்மைப் போலவே மகனும் சமயப் பணியை ஏற்க வேண்டும் என்பதே அவரது விருப்பம்.

13ஆம் வயதில் ஆய்லர் பாசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞருள் ஒருவராக விளங்கிய யோகான் பெர்னூலி அங்குப் பேராசிரியராக இருந்தார். தனியே பாடம் சொல்லித்தர அவருக்கு நேரம் இல்லை. கடினமான நூல்களைத் தாமே படிக்குமாறும், விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை பிற்பகலில் வருமாறும் ஆய்லருக்கு அவர் வழிகாட்டினார். ஆசிரியரிடம் கொண்டுசெல்லும் ஐயங்கள் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே மாணவர் வாரம் முழுவதும் உழைத்தார். ஓர் ஐயம் தீர்ந்தால் அதனோடு தொடர்புடைய பல ஐயங்கள் தாமே விலகுவதை அவர் உணர்ந்தார்.

தந்தையின் விருப்பப்படி ஆய்லர் இறையியலும் கிரேக்க, எபிரேய மொழிகளும் பயின்றார். ஆனால், அவரது உள்ளம் கணிதத்தையே நாடியது. மாணவரின் ஆற்றலை நன்கு அறிந்திருந்த யோகான் பெர்னூலி தந்தையிடம் எடுத்துரைத்து, கணிதத்தைத் தொடர இசைவு பெற்றுத் தந்தார்.

வடபுலப் பயணம்

பாசல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு ஆய்லர் முயன்றார். அப்போது அவருக்கு வயது 19, பதவி கிட்டவில்லை. உருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்ட அறிவியல் கழகத்தில் யோகான் பெர்னூலியின் மகன் டேனியல் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவரது பரிந்துரையால் ஆய்லருக்கு அழைப்பு வந்தது. 1727ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாசலை விட்டுப் புறப்பட்ட அவர், மே மாதம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை அடைந்தார். பிறந்த ஊருக்கு அவர் மீண்டும் திரும்பவே இல்லை.

1733ஆம் ஆண்டில் டேனியல் தாயகம் திரும்பியதும், கணிதத் துறைத் தலைமை ஆய்லரிடம் வந்தது. அடுத்த ஆண்டு ஓவியர் ஒருவரின் மகளான கேத்தரினா கெசலை அவர் மணந்தார். அவர்களுக்குப் பிறந்த 13 குழந்தைகளுள் ஐவரே குழந்தைப் பருவத்தைக் கடந்து வாழ்ந்தனர். இத்துயரங்களுக்கு இடையிலும் ஆய்லரின் எழுதுகோல் ஓயவில்லை. மடியில் ஒரு குழந்தையும் காலடியில் மற்றக் குழந்தைகளும் விளையாட, அவர் கணிதக் கட்டுரைகளை எழுதுவார் என்பர்.

உருசிய நாட்டின் நிலப்படங்களை உருவாக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார். 1735ஆம் ஆண்டில் கடுங்காய்ச்சலுக்கு ஆளாகி உயிர் பிழைத்தார். 1738ஆம் ஆண்டளவில் அவரது வலக்கண் பார்வை ஏறத்தாழ முழுமையாகப் பறிபோனது. நிலப்படங்களை நுணுகி நோக்கியதே இதற்குக் காரணம் என அவர் கருதினார். கவனத்தைச் சிதறச்செய்யும் ஒன்று இனிக் குறைந்தது என்று கூறித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

ஏழு பாலங்கள்

அக்காலத்தில் பிரசியாவைச் சேர்ந்திருந்த கோனிக்ஸ்பெர்க் என்னும் நகரின் நடுவே பிரெகல் ஆறு பாய்கிறது. இன்று அந்நகர் கலினின்கிராட் என்னும் பெயரில் உருசியாவில் உள்ளது. ஆற்றின் நடுவே ஒரு தீவு; அதனைக் கடந்ததும் ஆறு இரு கிளைகளாகப் பிரியும். இதனால் நகரம் நான்கு நிலப்பகுதிகளாகப் பிரிந்திருந்தது. அவற்றை 7 பாலங்கள் இணைத்தன. எந்தப் பாலத்தையும் இருமுறை கடவாமல், ஒன்றையும் விட்டுவிடாமல், 7 பாலங்களையும் ஒரே நடையில் கடக்க இயலுமா என்பது அவ்வூரில் நிலவிய வினா. அவ்வாறு நடந்து காட்டியவர் எவரும் இலர். நடக்க இயலாது என நிறுவியவரும் இலர்.

இவ்வினா ஆய்லரிடம் வந்தது. முதலில் இதனை அவர் பெரிதாக மதித்தார் எனக் கூற முடியாது. டான்சிக் நகரத் தலைவர் எலர் என்பவருக்கு 1736ஆம் ஆண்டில் எழுதிய மடலில், இதன் விடை பகுத்தறிவை மட்டுமே சார்ந்தது என்றும், கணித அறிஞரிடம் இதனை எதிர்பார்ப்பது ஏன் என விளங்கவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். ஆனால், வினாவில் இருந்த ஒரு புதுமை அவரை விடவில்லை. இதில் நீளமோ கோணமோ பரப்போ இல்லை. ஆகவே பழைய வடிவியல் உதவவில்லை. எதனோடு எது இணைந்துள்ளது என்பது ஒன்றே இங்கு வினா. நிலைகளை மட்டும் ஆராயும் இத்தகைய கணிதம் ஒன்று வேண்டும் என லைப்னிட்சு முன்னரே கருதியிருந்தார். அத்தகைய கணிதத்திற்கு இவ்வினா ஒரு சான்றாகும் என ஆய்லர் உணர்ந்தார். தம் தீர்வை 1735ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

எழுத்துகளால் அமைந்த விடை

7 பாலங்களையும் கடக்கும் வழிகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பது ஒரு முறை. அது மிகுந்த உழைப்பைக் கோரும். பாலங்கள் பெருகினால் பயன்படாது. ஆகவே ஆய்லர் அதனை ஒதுக்கினார். ஆற்றின் அகலம், பாலத்தின் நீளம், தெருக்களின் வளைவு ஆகிய அனைத்தையும் நீக்கினார். நிலப்பகுதிகள் நான்கிற்கும் நான்கு எழுத்துகளைச் சூட்டினார். தீவினை ‘அ’ எனவும், ஆற்றின் இரு கரைகளை ‘ஆ’, ‘இ’ எனவும், ஆற்றுக் கிளைகளுக்கு இடைப்பட்ட நிலத்தை ‘ஈ’ எனவும் கொள்வோம். ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்குச் செல்வது ‘அஆ’ ஆகும். அங்கிருந்து ‘ஈ’க்குச் சென்றால் ‘அஆஈ’ ஆகும். இவ்வாறு ஒரு நடை முழுவதும் ஓர் எழுத்து வரிசையாகிவிடுகிறது.

ஒரு பாலத்தைக் கடந்தால் 2 எழுத்துகள்; இரு பாலங்களைக் கடந்தால் 3 எழுத்துகள். எனவே, 7 பாலங்களைக் கடக்கும் நடையை எழுத 8 எழுத்துகளே வேண்டும். அவ்வரிசையில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வர வேண்டும் என ஆய்லர் எண்ணினார். ஒரு நிலப்பகுதிக்குள் ஒரு பாலத்தின் வழியே நுழைபவர், வேறொரு பாலத்தின் வழியே வெளியேற வேண்டும். எனவே, இடைவழியில் ஒருமுறை வந்து செல்ல 2 பாலங்கள் செலவாகும். நடையின் தொடக்கமாகவோ முடிவாகவோ அமையும் வருகைக்கு மட்டும் ஒரு பாலம் போதும். இதன்படி, 3 பாலங்கள் உள்ள பகுதியின் எழுத்து 2 முறையும், 5 பாலங்கள் உள்ள பகுதியின் எழுத்து 3 முறையும் வர வேண்டும். தீவில் 5 பாலங்கள் இருந்தன. ஏனைய மூன்று பகுதிகளிலும் மும்மூன்று பாலங்கள் இருந்தன. 3, 2, 2, 2 ஆகியவற்றைக் கூட்டினால் 9 வரும். இருப்பதோ 8 இடங்கள். ஆகவே, அத்தகைய நடை இயலாது என்பது உறுதியாயிற்று.

ஆய்லர் இத்துடன் நிற்கவில்லை. எந்த ஊருக்கும், எத்தனை பாலங்களுக்கும் பொருந்தும் பொது விதியை வகுத்தார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாலங்களைக் கொண்ட பகுதிகள் இரண்டிற்கு மேல் இருந்தால் அத்தகைய நடை இயலாது. அவை இரண்டே இருந்தால், அவற்றுள் ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடிக்கலாம். ஒன்றும் இல்லையெனில் எங்கிருந்தும் தொடங்கலாம். ஓர் ஊரின் சிக்கலுக்குத் தேடிய விடை, எல்லா ஊர்களுக்கும் உரிய விதியாக வளர்ந்தது.

நாம் இன்று வரையும் புள்ளிகளும் கோடுகளும் கொண்ட படத்தை ஆய்லர் தம் கட்டுரையில் வரையவில்லை. அவர் பயன்படுத்தியவை எழுத்துகளும் அட்டவணையுமே. கணினியும் படத்தைக் காண்பதில்லை. எழுத்துகளையும் எண்களையுமே கையாள்கிறது.

தெரிந்து தெளிவோம்

கோனிக்ஸ்பெர்க் நகரைக் கணினியில் இருவகையில் பதிவு செய்யலாம்.

1. அட்டவணை முறை: நான்கு நிரைகளும் நான்கு நிரல்களும் கொண்ட கட்டத்தில், இரு பகுதிகளுக்கு இடையே உள்ள பாலங்களின் எண்ணிக்கையை எழுதுதல்.
அ: 0, 2, 2, 1
ஆ: 2, 0, 0, 1
இ: 2, 0, 0, 1
ஈ: 1, 1, 1, 0
ஒவ்வொரு நிரையையும் கூட்டினால் 5, 3, 3, 3 எனக் கிடைக்கும். இவற்றின் கூடுதல் 14. அது பாலங்களின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு. ஒவ்வொரு பாலமும் அதன் இரு முனைகளிலும் ஒருமுறை எண்ணப்படுவதே இதற்குக் காரணம்.

2. பட்டியல் முறை: ஒவ்வொரு பகுதிக்கும் அதனோடு இணைந்தவற்றை மட்டும் எழுதுதல். ‘ஈ’க்கு உரிய பட்டியல்: அ, ஆ, இ.

1000 ஊர்களுக்கு அட்டவணை அமைத்தால் 10,00,000 கட்டங்கள் வேண்டும். ஒவ்வோர் ஊரும் 4 ஊர்களோடு மட்டுமே இணைந்திருக்குமாயின் பட்டியலில் 4000 பதிவுகள் போதும். இணைப்புகள் குறைவாக உள்ள இடத்தில் பட்டியலும், நிறைந்துள்ள இடத்தில் அட்டவணையும் ஏற்றவை.

பெர்லின் வாழ்க்கை

உருசியாவில் அரசியல் குழப்பம் மிகுந்தபோது, பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் அழைப்பை ஏற்று 1741ஆம் ஆண்டில் ஆய்லர் பெர்லினுக்குச் சென்றார். அங்கு 25 ஆண்டுகள் பணியாற்றினார். நுண்கணிதத்தின் அடித்தளமாக விளங்கும் அவரது பெருநூல்கள் சில அக்காலத்தில் வெளிவந்தன. எளிய வாழ்வும் சமயப் பற்றும் கொண்ட அவரை, நயமான பேச்சை விரும்பிய மன்னர் உரியவாறு மதிக்கவில்லை; அவரது ஒற்றைக்கண்ணையும் எள்ளினார்.

இக்காலத்திலும் பொருள்களின் அமைப்பை ஆராயும் வினாக்கள் அவரை ஈர்த்தன. கனவடிவங்களின் முனைகளையும் முகங்களையும் கூட்டி, விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழித்தால் 2 கிடைக்கும் என்பதை 1750ஆம் ஆண்டில் கோல்டுபாக் என்னும் அறிஞருக்கு மடல்வழித் தெரிவித்தார். கனசதுரத்திற்கு 8 முனைகள், 6 முகங்கள், 12 விளிம்புகள். 14இலிருந்து 12ஐக் கழிக்க 2 எஞ்சுகிறது.

அடுத்த ஆண்டு மற்றொரு கணக்கையும் அவ்வறிஞருக்கு எழுதினார். ஒரு பலகோணத்தை, ஒன்றையொன்று வெட்டாத மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரிக்கும் வழிகள் எத்தனை என்பதே அக்கணக்கு. நாற்கோணத்திற்கு 2, ஐங்கோணத்திற்கு 5, அறுகோணத்திற்கு 14, எழுகோணத்திற்கு 42 எனத் தொடர்ந்தது அவரது விடை. கணினியியலில் ‘இருகிளை மரம்’ என்னும் தரவு அமைப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கணுவிலிருந்தும் இடக்கிளை, வலக்கிளை என அதிக அளவாக இரு கிளைகள் பிரியும். 2 கணுக்களால் 2 வகை மரங்களும், 3 கணுக்களால் 5 வகை மரங்களும், 4 கணுக்களால் 14 வகை மரங்களும் அமைக்கலாம். ஆய்லர் பலகோணங்களில் கண்ட அதே எண்கள் இங்கு மரங்களாகக் கிளைத்து நிற்பது வியப்புக்குரியது.

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுக்கும் குதிரை ஒவ்வொரு முறை மட்டுமே சென்றுவரும் வழியையும் அவர் ஆராய்ந்தார். பாலங்களின் வினாவில் ஒவ்வோர் இணைப்பையும் ஒருமுறை கடக்க வேண்டும். குதிரையின் வினாவில் ஒவ்வொரு கணுவையும் ஒருமுறை அடைய வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறுபட்டவை. முன்னதற்கு எண்ணிப் பார்த்து உடனே விடை சொல்லும் விதி உண்டு. பின்னதற்கு எல்லாக் கோட்டுருக்களுக்கும் பொருந்தும் அத்தகைய எளிய விதி இன்றுவரை கிட்டவில்லை.

இருளில் ஒளிர்ந்த அறிவு

பேரரசி இரண்டாம் கேத்தரினின் அழைப்பை ஏற்று, 1766ஆம் ஆண்டில் தம் 59ஆம் வயதில் ஆய்லர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிற்குத் திரும்பினார். விரைவிலேயே அவரது இடக்கண்ணையும் கண்புரை மறைத்தது. 1771ஆம் ஆண்டில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. சில நாள்கள் பார்வை திரும்பியது. பின்னர் நோய்த்தொற்றால் முற்றிலும் அற்றுப்போனது. அதே ஆண்டில் நகரில் பரவிய பெருந்தீ அவரது வீட்டையும் எரித்தது. பார்வையற்ற முதியவர் உள்ளே இருப்பதை அறிந்த பீட்டர் கிரிம் என்னும் கைவினைஞர், தீக்குள் புகுந்து அவரைத் தோளில் சுமந்து வெளியே கொணர்ந்தார். அவரும் பாசலைச் சேர்ந்தவரே. கையெழுத்துப் படிகளுள் பெரும்பாலானவை காப்பாற்றப்பட்டன. இரண்டாண்டுகளில் மனைவி கேத்தரினாவும் மறைந்தார்.

பார்வை, வீடு, துணை ஆகிய மூன்றையும் இழந்த ஒருவர் ஓய்ந்துபோயிருந்தால் உலகம் வியந்திருக்காது. ஆய்லரோ முன்னினும் மிகுதியாக எழுதத் தொடங்கினார். இயற்கணிதம் பற்றிய அவரது நூல், கணிதப் பயிற்சி இல்லாத ஓர் இளைஞரிடம் சொல்லி எழுதப்பட்டது. எழுதிவந்த இளைஞரே அதனைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அந்நூல் தெளிவாக அமைந்தது. மகன் யோகான் ஆல்பிரெக்டு, லெக்சல், கிராப்டு முதலியோர் துணைபுரிய, நிலவின் இயக்கம் பற்றிய பெருநூல் 1772ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1773ஆம் ஆண்டில் பாசலிலிருந்து வந்த நிக்கோலாசு புசு என்னும் இளைஞர், ஆய்லரின் இறுதிநாள்வரை உடனிருந்து நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உருப்பெற உதவினார். ஆய்லர் சிந்தித்துச் சொல்வார். உதவியாளர்கள் கணக்கிட்டு எழுதுவர். பின்னர் அவர் கேட்டுத் திருத்துவார்.

அவரது நினைவாற்றல் இதற்குத் துணைநின்றது. இளமையில் பயின்ற வர்ஜிலின் காப்பியத்தை முதுமையிலும் முழுமையாக ஒப்பிப்பார். நீண்ட கணக்குகளை மனத்திலேயே செய்வார். எனினும், நினைவாற்றல் மட்டுமே இச்சாதனைக்குக் காரணம் எனக் கூற இயலாது. தேவையற்றவற்றை விலக்கி, பொருள்களுக்கு இடையேயான உறவை மட்டும் பற்றிக்கொள்ளும் பழக்கம் இளமை முதலே அவரிடம் இருந்தது. கோனிக்ஸ்பெர்க் நகரத்தை 4 எழுத்துகளில் அடக்கியவருக்கு, கண் காணாத நிலையிலும் கணக்கின் அமைப்பு மனத்தில் தெளிவாகவே நின்றது.

1783ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் காலையில் பேரப்பிள்ளைக்குக் கணிதம் கற்பித்தார். அப்போது புதிதாக வானில் பறக்கத் தொடங்கியிருந்த வெப்பக்காற்றுக் கூண்டுகளின் இயக்கத்தைக் கணக்கிட்டார். இரு ஆண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட யுரேனசு கோளின் பாதை குறித்து லெக்சலுடனும் புசுவுடனும் உரையாடினார். மாலையில் மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவால் நினைவிழந்தார். அன்றே அவரது உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 76. அவர் விட்டுச்சென்ற ஆக்கங்கள் 800க்கும் மேற்பட்டவை. அவற்றை அறிவியல் கழகம் அவரது மறைவுக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வெளியிட வேண்டியிருந்தது.

கிளைத்த மரம்

ஆய்லர் இட்ட வித்து அடுத்த நூற்றாண்டில் முளைத்தது. அதே கோனிக்ஸ்பெர்க் நகரில் 1824ஆம் ஆண்டில் பிறந்த கிர்க்காப் என்னும் இயற்பியல் அறிஞர், மின்சுற்றுகளை ஆராய்வதற்கு, சுழற்சி இல்லாத இணைப்புகளை 1847ஆம் ஆண்டில் பயன்படுத்தினார். அத்தகைய அமைப்பிற்கு ‘மரம்’ என 1857ஆம் ஆண்டில் பெயரிட்டவர் இங்கிலாந்து நாட்டின் கெய்லி. ஒரு மரத்தில் இணைப்புகளின் எண்ணிக்கை கணுக்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாகவே இருக்கும்; எந்த இரு கணுக்களுக்கு இடையேயும் ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆய்லர் வழங்கிய பொது விதியின்படி நடையை உறுதியாக அமைக்க இயலும் என்பதற்கான முழு நிறுவலை ஜெர்மனியின் ஹியர்ஹோல்சர் அளித்தார்; அது அவரது மறைவுக்குப் பின் 1873ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

கணினி தோன்றியபின் இக்கருத்துகள் நிரல்களாக உருப்பெற்றன. மரத்தின் ஒவ்வொரு கணுவும் தன் தரவையும், தன் கிளைகள் கணினி நினைவகத்தில் இருக்கும் இடத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். சிறியவை இடப்புறமும் பெரியவை வலப்புறமும் அமையுமாறு 1000 பெயர்களைச் சீரான இருகிளை மரமாக அடுக்கினால், ஏறத்தாழ 10 ஒப்பீடுகளிலேயே வேண்டிய பெயரை அடையலாம். ஒவ்வோர் ஒப்பீட்டிலும் எஞ்சியவற்றுள் பாதி விலகிவிடுவதே இதற்குக் காரணம். துண்டு துண்டாகக் கிடைக்கும் மரபணுச் செய்திகளை ஒன்றிணைத்து முழு வரிசையை அறியவும், ஒவ்வோர் இணைப்பையும் ஒருமுறை கடக்கும் ஆய்லரின் நடை இன்று பயன்படுகிறது.

நிரல் எழுதத் தொடங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எவற்றைக் கணுக்களாகக் கொள்வது, எவற்றை இணைப்புகளாகக் கொள்வது, எவற்றை விட்டுவிடுவது என்பதே. கணினி இல்லாத காலத்தில், ஓர் ஊரின் பாலங்களைக் கொண்டு ஆய்லர் கற்றுத்தந்த பாடமும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் தெருக்களை இணைப்புகளாகவும், அவை கூடும் சந்திகளைக் கணுக்களாகவும் கொண்டு கோட்டுரு வரைக. ஒரு தெருவையும் இருமுறை கடவாமல் எல்லாத் தெருக்களையும் சுற்றிவர இயலுமா என ஆய்லரின் விதியைக்கொண்டு கண்டறிக.
2. கோனிக்ஸ்பெர்க் நகரில் தீவுக்கும் ஒரு கரைக்கும் இடையே எட்டாவதாக ஒரு பாலம் கட்டப்பட்டால் விடை எவ்வாறு மாறும் என வகுப்பில் கலந்துரையாடுக.
3. உங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறையினரை மர வடிவில் எழுதி, கணுக்களையும் இணைப்புகளையும் எண்ணி ஒப்பிடுக.